வண்டி நின்ற பிறகும் சுடும் குழாய்

நோயாளியை இருசக்கர வண்டியில் அழைத்து வருவோரும் வீட்டுக்கு அழைத்துச் செல்வோரும் அறிந்திருக்க வேண்டியவை

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குச் செல்லும் பாதை, அடிவாரத்தைக் கடந்ததும் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து மேலேறுகிறது. காப்பியும் மிளகும் சாமையும் விளைகின்ற அந்த மலைச் சிற்றூர்களிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வருவோரில் பலர் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்துதான் வருகின்றனர். மகனோ பேரனோ வண்டியை ஓட்ட, சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கவும், புண்ணுக்குக் கட்டு மாற்றவும், கண் பரிசோதனைக்கும் முதியவர்கள் இறங்கி வந்து ஏறிச் செல்கின்றனர். மலையில் மட்டுமன்று, சமவெளிச் சிற்றூர்களிலும் இதே நிலைதான். நம் வட்டாரத்தில் இருசக்கர வண்டியே பல குடும்பங்களின் முதல் ஆம்புலன்ஸ்.

கடந்த மழைக்காலத்தில் அவ்வாறு வந்து சென்ற முதியவர் ஒருவர், ஒன்பது நாள் கழித்து வலக் கெண்டைக்காலில் சீழ் பிடித்த புண்ணோடு திரும்பி வந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். முதல் நாள் எங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு பேரனோடு மலையேறும்போது, சிறுநீர் கழிப்பதற்காக ஒரு வளைவருகே வண்டியை நிறுத்தச் சொன்னாராம். இடப்பக்கம் மழைநீர் ஓடும் வடிகால். ஆகவே வலப்பக்கமாகக் காலை ஊன்றி இறங்கியிருக்கிறார். மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே வெறுங்கால். இறங்கும்போது கெண்டைக்கால் சைலன்சரின் மேல் படிந்திருக்கிறது. அவர் 'சுட்டது' என்று சொல்லவே இல்லை. சொல்லும்படியாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் வீட்டார்தான் கொப்புளத்தைக் கண்டனர். காப்பித்தூளை அப்பி, துணியால் கட்டிவிட்டனர்.

அந்தப் புண் ஆறுவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. இடையில் ஒருநாள், கட்டு மாற்றுவதற்கு அழைத்து வந்த பேரன் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நகரத்துக் கடையில் சைலன்சருக்குச் சுற்றும் வெப்பக்காப்பு நாடா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். "இதைச் சுற்றிவிட்டால் இனி யாருக்கும் சுடாதல்லவா, டாக்டர்?" என்றார். ஒரு சொல்லில் விடை கூற இயலாத கேள்வி அது. அவருக்கு நாங்கள் அளித்த விளக்கத்தையே சற்று விரிவாக இங்கே உங்களுக்கும் தருகிறோம்.

குழாய் ஏன் இவ்வளவு சூடாகிறது?

என்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் புகை, பல நூறு டிகிரி வெப்பத்தோடு வெளியே வருகிறது. அதை முதலில் ஏற்பது என்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் குழாய். மெக்கானிக்குகள் இதனைப் பெண்டு பைப் என்பர். அதன் தொடர்ச்சியாகப் பின்சக்கரம் வரை நீண்டிருக்கும் பருத்த பகுதியே சைலன்சர். வண்டி ஓடும்போது பெண்டு பைப்பின் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. சைலன்சர் அதைவிடக் குறைவாகச் சூடேறினும், தோலைச் சுடுவதற்குப் போதுமான வெப்பம் அதனிடமும் உண்டு.

மலையேற்றத்தில் இந்த வெப்பம் மேலும் கூடுகிறது. இருவரைச் சுமந்துகொண்டு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டி மெதுவாக ஏறும்போது, என்ஜின் கடுமையாக உழைக்கிறது. ஆனால் குழாயைக் குளிர்விக்கும் எதிர்க்காற்று மிகவும் குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளின்படி தயாரான வண்டிகளில், நச்சுப் புகையைத் தணிப்பதற்கான வினையூக்கி மாற்றி இந்தக் குழாய்த் தொடரிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அது செவ்வனே வேலை செய்ய ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை வெப்பம் தேவை. எனவே, 'புது வண்டி, அவ்வளவு சுடாது' என்று எண்ணிவிட வேண்டாம்.

தோல் எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு இன்றும் அடிப்படையாக உள்ளன. 44 டிகிரி வெப்பம் தோலைச் சுட ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும். 70 டிகிரியில் ஒரு விநாடியே மிகுதி. 200 டிகிரிக் குழாயின் மேல் கால் படிந்தால், 'சுடுகிறது' என்று உணர்ந்து காலை இழுப்பதற்குள்ளாகவே தோல் வெந்துவிடுகிறது. உணர்வு குன்றிய காலாயின் இழுப்பதுகூட இல்லை.

வண்டியை அணைத்தவுடன் குழாய் குளிர்ந்துவிடுவதில்லை. அரைமணி நேரம் கழிந்த பின்னும் அது சுடக்கூடும். சிலர் ஒரு சொட்டு நீரைத் தெளித்துப் பார்ப்பர். 'சுர்' என்ற ஓசை எழாவிட்டால் ஆறிவிட்டது எனக் கொள்வர். நூறு டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அந்த ஓசை எழும். ஓசை எழாத 80 டிகிரிக் குழாயும் ஒரு நொடியில் தோலைச் சுட்டுவிடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வலக் கெண்டைக்கால் ஏன்?

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 112ஆம் விதி, வண்டியின் புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது என்றும், வலப்பக்கமாகவோ பின்புறமாகவோ செல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. நாம் சாலையின் இடப்பக்கம் செல்வதால், நடந்து செல்வோர் மீது புகை படாதிருக்க இது உதவுகிறது. நம் நாட்டு வண்டிகளில் சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சைடு ஸ்டாண்டு இடப்பக்கம் உள்ளது. புடவை உடுத்திய பெண்கள் கால் இரண்டையும் இடப்பக்கம் தொங்கவிட்டு அமர்வதும் வழக்கம். ஆக, இடப்பக்கம் ஏறி இடப்பக்கமே இறங்குவோருக்குக் குழாயால் ஏற்படும் ஆபத்து குறைவு.

இருபுறமும் கால் போட்டு அமர்ந்தவர், ஏதோ காரணத்தால் வலப்பக்கம் இறங்கும்போதுதான் கெண்டைக்கால் குழாயைத் தொடுகிறது. மலைப்பாதையின் ஓரத்தில் அந்தக் காரணத்திற்குக் குறைவில்லை. இடப்பக்கம் வடிகால் இருக்கும், அல்லது பள்ளம் இருக்கும், அல்லது பாறைச் சுவர் இருக்கும். கிரேக்க நாட்டில் நடத்தப்பெற்று, 'பர்ன்ஸ்' என்னும் மருத்துவ இதழில் 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றும் இதையே காட்டுகிறது. ஓட்டுநரைக் காட்டிலும் பின்னால் அமர்ந்து சென்றவர்களே மிகுதியாகச் சூடுபட்டிருந்தனர். முழங்காலுக்குக் கீழே, வலக்காலில், ஏறும்போதோ இறங்கும்போதோ பட்ட காயங்களே பெரும்பான்மை. நம் முதியவருக்கு நேர்ந்ததும் அவ்வாறே.

நாடா சுற்றுவதால் நன்மை உண்டா?

கடைகளில் கிடைக்கும் வெப்பக்காப்பு நாடா பெரும்பாலும் கண்ணாடி இழையால் நெய்யப்பட்டது. எரிமலைப் பாறையாகிய பசால்டை உருக்கி இழுத்த இழையால் நெய்ததும் உண்டு. இவ்விழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. புகையின் சூடு குழாய்க்குள்ளேயே தங்குகிறது. ஓட்டுநரின் காலை நோக்கி வீசும் அனல் குறைகிறது. பந்தய வண்டிகளுக்கு இதைச் சுற்றுவது, சூடு குறையாத புகை விரைந்து வெளியேறும் என்பதற்காக. நம் ஊர் இளைஞர்களிற் பலர் தோற்றத்துக்காகவே சுற்றுகின்றனர்.

தோலைக் காப்பதில் இதற்கு ஓரளவு பயன் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. வெறும் இரும்பு, தன்னிடமுள்ள வெப்பத்தைத் தொட்டவுடன் தோலுக்குக் கொட்டிவிடும். நெய்த நாடா அதனை மெல்லவே தருகிறது. ஆகவே கால் உரசி விலகும் ஒரு கணத்தில் காயம் சிறிதாக இருக்கலாம். ஆயினும் நீண்ட ஏற்றத்திற்குப் பின் நாடாவின் மேற்பரப்பே நூறு டிகிரியைத் தாண்டி நிற்கக்கூடும். வண்டி சாய்ந்து கால் அதன் அடியில் சிக்கினாலோ, உணர்வற்ற கால் சில விநாடிகள் அதன்மேல் படிந்திருந்தாலோ நாடா காப்பாற்றாது. பேரனிடம் நாங்கள் முதலில் சொன்னது இதைத்தான்: நாடா சூட்டைக் குறைக்கும், சுடாமற் செய்யாது.

வேறு சில குறைகளையும் அவருக்கு எடுத்துரைத்தோம்.

நாடாவை வெட்டும்போதும் சுற்றும்போதும் உதிரும் நுண்ணிழைகள் தோலில் அரிப்பையும், கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சலையும் உண்டாக்கும். கையுறையும் முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே, குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அருகில் இல்லாதபோது இப்பணியைச் செய்ய வேண்டும். நாடாவை முன்கூட்டியே நனைத்துச் சுற்றினால் இழை பறப்பது குறையும். முதன்முறை சூடேறும்போது சற்று நேரம் புகையும். அதையும் திறந்த வெளியிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். நாட்பட்ட நாடா நைந்து பிசிறு விடும். அப்பிசிறு கட்டுத்துணியிலும் புண்ணிலும் ஒட்டாதபடி கவனம் தேவை.

மழையில் நனைந்த நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வத்தல்மலை போன்ற மழையும் பனியும் உள்ள இடங்களில் அதனடியில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். துரு வெளியே தெரியாது. குழாய் ஓட்டையானால் அனற்புகை நேராகக் காலின் மீது பாயும். என்ஜின் ஆயிலோ பெட்ரோலோ கசிந்து நாடாவில் ஊறினால் தீப்பற்றவும் கூடும். ஆயில் கசியும் வண்டியில் கசிவைச் சரிசெய்யாமல் நாடா சுற்றவே கூடாது.

நாடாவுக்குப் பதிலாகச் சாக்குத்துணி, தேங்காய் நார்க்கயிறு, பழைய பருத்தித்துணி ஆகியவற்றைச் சுற்றலாமே என்று எண்ணுவோரும் உண்டு. இவை அனைத்தும் எரியும் பொருள்கள். எக்காரணம் கொண்டும் சுற்றாதீர்கள். பழைய பட்டறைகளில் கல்நார்க் கயிறு கிடைத்தால் அதையும் தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்னும் அக்கல்நாரின் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்துக்கிடமின்றி உறுதியானது.

பூச்சுகள் எவ்வாறு?

குழாய் துருப்பிடிக்காதிருக்க மெக்கானிக்குகள் பூசும் சில்வர் பெயிண்டும், வெப்பம் தாங்கும் கறுப்பு பெயிண்டும் இரும்பைக் காக்கும், காலைக் காக்கா. காகிதத்தைவிட மெல்லிய அந்தப் படலம் வெப்பத்தை மறிப்பதில்லை. பளபளக்கும் குரோமியப் பூச்சு கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுவதால், குழந்தைகள் அதனைத் தொட்டுப் பார்க்கின்றனர். தோற்றம் எதுவாயினும் உள்ளிருக்கும் வெப்பம் ஒன்றே.

செராமிக் கோட்டிங் என வழங்கும் பீங்கான் வகைப் பூச்சு இவற்றினின்று வேறுபட்டது. தகுந்த பட்டறையில் முறையாகப் பூசி உலைவெப்பத்தில் பதப்படுத்தினால், குழாயின் வெளிச்சூட்டை அது ஓரளவு தணிக்கும். ஈரத்தையும் பிடித்து வைக்காது. ஆனால் செலவு மிகுதி. பூசிய பின்னும் குழாய் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகவே இருக்கும். நோயாளியை ஏற்றிச் செல்வதற்காக மட்டும் இச்செலவைச் செய்யத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

எளிய காப்பு: சைலன்சர் கார்டு

பல வண்டிகள் தயாரிப்பாளரிடமிருந்து வரும்போதே சைலன்சரின் மேல் ஒரு தகட்டு மூடியோடு வருகின்றன. இதுவே சைலன்சர் கார்டு. இதன் சிறப்பு தகட்டில் இல்லை. தகட்டுக்கும் குழாய்க்கும் இடையே விடப்பட்ட இடைவெளியில் இருக்கிறது. அவ்விடைவெளியில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் தகடு குழாயளவு சூடேறுவதில்லை. கால் பட்டாலும் குழாயைத் தொடாது. எங்கள் அறிவுரை: முதற்செலவு கார்டுக்கு, நாடா அதன் பிறகு, விரும்பினால்.

கரடுமுரடான பாதையின் அதிர்வில் கார்டின் திருகுகள் தளரும். தளர்ந்த கார்டு குழாயின் மேல் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் அதுவும் குழாயைப் போலவே சுடும். சிலர் சத்தம் வருகிறது என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகின்றனர். அடுத்த முறை சர்வீசுக்கு விடும்போது மூன்றை மட்டும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: கார்டு இருக்கிறதா, இடைவெளி இருக்கிறதா, திருகு இறுகியிருக்கிறதா. பின்னிருக்கையின் கால்தாங்கிகள் இரண்டும் உறுதியாக உள்ளனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கால்தாங்கியில் பாதம் ஊன்றியிருக்கும் வரை கெண்டைக்கால் குழாயிலிருந்து விலகியே இருக்கும். கால் தொங்கும்போதுதான் ஆபத்து.

நோயாளியை ஏற்றிச் செல்லும்போது

வண்டியில் அமரலாமா என்பதை முதலில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து சில நாளே ஆனவர், தலைசுற்றல் உள்ளவர், கையால் பற்றிக்கொள்ள இயலாதவர் ஆகியோர் பேருந்திலோ நான்கு சக்கர வண்டியிலோ செல்வதே முறை. வண்டிதான் வழி என்று மருத்துவரும் ஒப்பினால், பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• இடப்பக்கம் ஏறுக, இடப்பக்கமே இறங்குக. இதை ஓட்டுநரும் நோயாளியும் புறப்படும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது இடப்பக்கம் ஓர் ஆள் இறங்கி நிற்க இடம் இருக்குமாறு நிறுத்துவது ஓட்டுநரின் பொறுப்பு. வடிகாலை ஒட்டி நிறுத்தாதீர்கள். வளைவிலும் நிறுத்தாதீர்கள்.

• காலை மூடும் தடித்த பருத்தி ஆடை நல்லது. வேட்டியோ லுங்கியோ உடுத்தியவர் அதனை மடித்துக் கட்டாமல் இறக்கிவிட்டு, பறக்காதபடி ஒடுக்கிக்கொள்ள வேண்டும். நைலான், பாலியெஸ்டர் ஆடைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

• காலில் கட்டோ மாவுக்கட்டோ இருந்தால் அது குழாயின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். மாவுக்கட்டுக்குள் ஏறும் சூடு உடனே தெரியாது. தெரியும்போது ஆறுவதற்கும் நேரமாகும். வலக்காலில் மாவுக்கட்டு உள்ளவரை இருசக்கர வண்டியில் ஏற்றவே வேண்டாம்.

• சிறுநீர்ப் பையும் அதன் குழாயும் வண்டியின் வலப்பக்கம் தொங்கக் கூடாது. சைலன்சரில் பட்டால் நெகிழி உருகிவிடும்.

• குழந்தைகளை வலப்பக்கமாக இறக்காதீர்கள். நிறுத்திய வண்டியின் வலப்பக்கம் சுவரை நோக்கி இருக்குமாறு விடுங்கள். விளையாடும் குழந்தை குழாயை அணுக முடியாது.

• நெடிய ஏற்றத்தில், ஓய்வுக்கு நிறுத்தும்போது ஓட்டுநர் முதலில் வண்டியை உறுதியாக நிறுத்தி, நோயாளியின் கையைப் பற்றிக்கொண்ட பின்னரே அவர் இறங்க வேண்டும்.

சூடுபட்டுவிட்டால்

வண்டி காலின் மேல் சாய்ந்திருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். பிற அனைத்தும் அதன் பிறகே. அடுத்துச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காலைப் பிடித்திருப்பது. இரண்டு நிமிடமோ வலி தணியும் வரையோ போதாது. உடனே நீர் கிடைக்கவில்லையெனினும், மூன்று மணி நேரத்திற்குள் எப்போது கிடைத்தாலும் இதைச் செய்யலாம், பயன் உண்டு. மலைப்பாதையில் குழாய்நீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குடிநீர்ப் புட்டியிலுள்ள நீரைத் தூய துணியில் நனைத்து வைத்து, துணி சூடேறியதும் மீண்டும் நனைத்து மாற்றிக்கொண்டே இருக்கலாம். வண்டியில் எப்போதும் இரண்டு லிட்டர் நீர் வைத்திருப்பது நல்ல வழக்கம்.

கால் வீங்குவதற்குள் கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பின்னர்த் தூய பருத்தித்துணியாலோ, உணவுப் பொருள்களை மூடும் மெல்லிய நெகிழித் தாளாலோ தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பற்பசை, மை, மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய், வெண்ணெய், முட்டை, சாம்பல், சாணம் எதையும் பூச வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே அடைக்கின்றன, கிருமிகளைக் கொண்டுவருகின்றன, காயம் எவ்வளவு ஆழம் என்பதை எங்கள் கண்ணிலிருந்து மறைக்கின்றன. பனிக்கட்டியும் வேண்டாம், வெந்த தோலின் இரத்த ஓட்டத்தை அது மேலும் குறைக்கும்.

கீழ்க்காணும் நிலைகளில் அன்றே மருத்துவரிடம் வாருங்கள்: காயம் நோயாளியின் உள்ளங்கையளவோ அதற்கு மேலோ இருந்தால், கொப்புளம் எழுந்தால், கணுக்கால், முழங்கால், பாதம் ஆகிய இடங்களில் பட்டிருந்தால், சுட்ட இடம் வெளுத்தோ கருகியோ தோற்பட்டை போல் விறைத்தோ இருந்தால். இந்தக் கடைசி நிலையில் வலி இராது. வலியின்மை நலத்தின் அறிகுறியன்று. நரம்பு நுனிகளும் வெந்துவிட்டன என்பதன் அறிகுறி. குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோர் காயம் சிறிதாயினும் வர வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதையும் அப்போது கேட்டறிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு ஏன் தனி எச்சரிக்கை?

நெடுநாள் சர்க்கரை நோய் பாதங்களின் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்குகிறது. நரம்பு குன்றுவதால் சூடு தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குன்றுவதால் புண் ஆறுவதில்லை. சர்க்கரை மிகுந்த உடலில் கிருமி எளிதில் பரவுகிறது. இம்மூன்றும் சேரும்போது, பிறருக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிடும் ஒரு காயம், சர்க்கரை நோயாளியின் விரலையோ காலையோ இழக்கச் செய்யும் அளவுக்கு முற்றக்கூடும். தொழுநோயால் உணர்வு இழந்தவர்களுக்கும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் மரத்தவர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே இருசக்கர வண்டியில் பயணம் செய்து வீடு சேர்ந்ததும் இரண்டு கால்களையும் முழங்கால் முதல் பாதம் வரை வெளிச்சத்தில் பாருங்கள். கண் பார்வை குறைந்தவருக்கு வீட்டார் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். நம் முதியவருக்கு அன்று மாலையே அவ்வாறு பார்த்திருந்தால், ஏழு வாரம் என்பது இரண்டு மூன்று வாரமாகக் குறைந்திருக்கலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ்ச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் இல்லத்திற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. உங்கள் ஊருக்கு வரும் பணியாளரிடம் மாத்திரை பெறும்போது, காலில் உள்ள புண்ணையும் காட்டுங்கள்.

ஆறும் காலத்தில்

மேலோட்டமான சூட்டுப்புண் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரத்திற்குள் மூடாத புண்ணில் தடித்த தழும்பு எழ வாய்ப்பு மிகுதி. சிலருக்குத் தோல் ஒட்டு அறுவையும் தேவைப்படலாம். கட்டைக் குறித்த நாளில் மாற்றுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் குறித்த நாள்வரை காத்திராதீர்கள். புண் முழுவதும் மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் போன்றவற்றை மென்மையாகத் தடவினால் அரிப்பு தணியும். புதுத்தோல் வெயிலில் எளிதில் கறுக்கும் என்பதால் சில மாதங்களுக்குத் துணியால் மறைத்துக்கொள்வது நலம்.

அந்தப் பேரன் பிறகு என்ன செய்தார் என்று நீங்கள் கேட்கலாம். வாங்கிய நாடாவை வீணாக்க மனமின்றிப் பெண்டு பைப்பில் மட்டும் சுற்றிக்கொண்டார். கழற்றி வைத்திருந்த கார்டைத் தேடியெடுத்துச் சைலன்சரின் மேல் மீண்டும் பொருத்தினார். கடைசியாகக் கட்டு மாற்ற வந்த நாளில் வாசலில் நின்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டியைச் சற்றுத் தள்ளி, இடப்பக்கம் தாராளமாக இடம் விட்டு நிறுத்தினார். "தாத்தா, இந்தப் பக்கம்" என்று கையை நீட்டினார். முதியவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, இடப்பக்கமாகவே இறங்கினார்.